இன்ஜெக்டர் கிளீனர்: ஆயில் மாற்றுவதற்கு முன்பா, பின்பா?

கேள்வி: எங்களுடையது 2016 மாடல் வேகன் ஆர், பெட்ரோல் வண்டி. 74,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடு, பிள்ளைகளின் பள்ளி, கடைத்தெரு, மறுபடியும் வீடு என்று தினமும் சின்னச் சின்ன ஓட்டம்தான். முன்பு லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது 15.5-ஐத் தாண்டுவதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் லேசாக உதறுகிறது. சிக்னலில் நிற்கும்போதும் அந்த உதறல் தெரிகிறது. ஓட ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் தெரிவதில்லை. சென்ற மாதம் சர்வீஸுக்கு விட்டபோது புது ஆயில் ஊற்றினார்கள். வண்டியை வெளியே எடுக்கும் நேரத்தில் பெட்ரோல் டேங்கில் ஒரு புட்டி இன்ஜெக்டர் கிளீனரையும் ஊற்றி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் லாரி ஷெட்டில் வேலை பார்த்தவர். "புது ஆயிலைக் கெடுத்துட்டாங்களேம்மா" என்கிறார். அது உண்மையா ஐயா? ஊற்றிய ஆயிலை மாற்றிவிட வேண்டுமா? இதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை, எப்போது ஊற்ற வேண்டும்?
— வாசகி, நாமக்கல்

பதில்: ஆயிலை மாற்ற வேண்டாம் அம்மா. ஒரு புட்டி கிளீனரால் புது ஆயில் கெட்டுப்போய்விடாது. அடுத்த சர்வீஸ் வரை கவலையில்லாமல் ஓட்டுங்கள். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. செய்த வேலையில் வரிசை மாறிவிட்டது. கிளீனரை ஊற்றி அந்த டேங்க் பெட்ரோலை ஓட்டித் தீர்த்த பிறகுதான் பழைய ஆயிலை இறக்கியிருக்க வேண்டும். பல ஒர்க்‌ஷாப்புகளில் ஆயில் மாற்றி, வாட்டர் வாஷ் முடித்து, சாவியைக் கையில் கொடுக்கும்போது கடைசி வேலையாகப் புட்டியைக் கவிழ்க்கிறார்கள். பில்லில் அந்த வரி ஏற வேண்டும் என்பதைத் தவிர அந்த நேரத்துக்கு வேறு காரணம் இல்லை.

முதலில் அழுக்கு எங்கே சேர்கிறது என்று பார்ப்போம். உங்கள் வண்டியில் மூன்று சிலிண்டர், மூன்று இன்ஜெக்டர். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலான நுண்துளைகள் உண்டு. பெட்ரோல் அவற்றின் வழியே சுமார் 3 பார் அழுத்தத்தில் பொடிச் சாரலாக வெளியே வர வேண்டும். வண்டி ஓடும்போது அந்த நுனி அவ்வளவு சூடாவதில்லை. வந்துகொண்டே இருக்கும் பெட்ரோல் அதைக் குளிர்த்தி, கழுவியும் விடுகிறது. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தியதும்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. காற்றோட்டம் இல்லை, கூலன்ட் சுற்றவில்லை, இன்ஜின் சூடெல்லாம் மேலே ஏறி இன்ஜெக்டர் நுனிக்கு வருகிறது. நுனியில் ஒட்டியிருக்கும் துளிப் பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போய்விட, கனமான பகுதி பிசினாகப் படிந்து வேகிறது. அடுத்த முறை நிறுத்தும்போது அதன்மேல் இன்னொரு படலம். சேலத்துக்கும் கோவைக்கும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியைவிட, பள்ளி வாசலில் நிறுத்தி, காய்கறிக் கடையில் நிறுத்தி, வங்கியில் நிறுத்தி எடுக்கும் வண்டிக்கு இந்தப் படலம் சீக்கிரம் ஏறும். உங்கள் ஓட்டம் இரண்டாவது வகை. நம்மூர் வெயிலும் அதற்குத் துணை.

மூன்று இன்ஜெக்டரிலும் ஒரே அளவு படிந்தால் உதறல் அவ்வளவாகத் தெரியாது. சைலன்ஸர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் புகையைப் பார்த்து, பெட்ரோல் குறைகிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்களைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைத்துச் சரிக்கட்டிவிடும். ஆனால் அந்தச் சென்சார் மூன்று சிலிண்டரின் புகையையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. ஒரு இன்ஜெக்டர் மட்டும் அடைத்திருந்தால், கம்ப்யூட்டர் மூன்றுக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டுகிறது. அடைத்த சிலிண்டருக்குப் போதவில்லை, மற்ற இரண்டுக்கும் அதிகம். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரி, தனித்தனியே பார்த்தால் மூன்றுமே தப்பு. ஐடிலிங்கில் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் சில மில்லிவினாடிகள்தான் திறக்கிறது. அந்தச் சின்ன அளவில் சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும். வேகம் பிடித்ததும் மறைந்துவிடும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி இதனோடு ஒத்துப்போகிறது.

இனி புட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற விஷயம். பெரும்பகுதி மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த கரைப்பான். வேலை செய்யும் மருந்து அதில் ஒரு பங்குதான். நல்ல புட்டிகளில் அந்த மருந்து பாலிஈதர்அமைன். சுருக்கமாகப் பி.இ.ஏ. என்ற மூன்று எழுத்தை லேபிளில் பார்க்கலாம். இது வெந்து இறுகிய கரிப்படிவில் ஒட்டிக்கொண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து எடுக்கிறது. எரிதல் அறையின் சூட்டையும் தாங்கி, பிஸ்டன் தலையில் படிந்த கரிவரை வேலை செய்கிறது. இன்னொரு வகை பாலிஐசோபியூட்டிலீன் அமைன். இது வால்வையும் இன்ஜெக்டரையும் சுத்தமாக வைத்திருக்கும், ஆனால் எரிதல் அறைப் படிவுக்கு அவ்வளவு உதவாது. லேபிளில் மருந்தின் பெயரே இல்லாமல் "மைலேஜ் கூடும், பவர் கூடும்" என்று மட்டும் அச்சிட்ட புட்டியை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இந்த மருந்து ஆயிலுக்கு எப்படிப் போகிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். எந்த இன்ஜினிலும் பிஸ்டன் ரிங் நூற்றுக்கு நூறு அடைப்பதில்லை. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டர் சுவரில் படியும் பெட்ரோலில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலில் கலக்கிறது. சாதாரணப் பெட்ரோலாக இருந்தால் பிரச்சினை பெரிதல்ல. ஆயில் நன்றாகச் சூடானதும் அது ஆவியாகி, பி.சி.வி. வால்வு வழியே திரும்ப இழுக்கப்பட்டு எரிந்துவிடும். பாலிஈதர்அமைன் அப்படி ஆவியாவதில்லை. அது கனமான மூலக்கூறு. கீழே இறங்கியது அங்கேயே தங்கிவிடும். அது பெயர்த்தெடுத்த கரித்தூளிலும் ஒரு பங்கு அதனோடு போகும். ஆயிலில் ஏற்கெனவே அழுக்கைத் தாங்கிப் பிடிக்கவும், அமிலத்தை முறிக்கவும் மருந்துகள் கலந்திருக்கின்றன. புதிதாக வரும் இந்தச் சுமையையும் அவைதான் தூக்க வேண்டும். அளவு சிறியது, ஒரு புட்டியால் இன்ஜின் பழுதாகாது. ஆனால் எப்படியும் கீழே இறக்கப்போகும் ஆயில் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டு வெளியே போவதற்கும், இன்று ஊற்றிய ஆயில் அதை அடுத்த 10,000 கிலோமீட்டர் சுமப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. காசும் அதே காசு, புட்டியும் அதே புட்டி. முன்னால் ஊற்றினால் லாபம், பின்னால் ஊற்றினால் அந்த லாபம் இல்லை.

நடைமுறைக்கு வருவோம். உங்கள் வண்டியின் டேங்க் 35 லிட்டர். ரிசர்வ் விளக்கு எரியும்வரை 30 லிட்டர் என்று வைத்தால், லிட்டருக்கு 15 வீதம் 450 கிலோமீட்டர் ஓடும். ஆயில் மாற்ற வேண்டியது 10,000-ஆவது கிலோமீட்டரில் என்றால், 9,400 வாக்கில் பெட்ரோல் பங்குக்குப் போங்கள். புட்டியை முதலில் டேங்கில் ஊற்றி, அதன்மேல் பெட்ரோலை நிரப்பச் சொல்லுங்கள். விழுகிற பெட்ரோலே கலக்கிவிடும். நிறைந்த டேங்கில் கடைசியாக ஊற்றினால் மருந்து கழுத்துக் குழாயிலேயே நிற்கும். சிந்தினால் உடனே துடையுங்கள், பெயின்ட்டைக் கெடுக்கும். அந்த டேங்கை இடையில் நிரப்பாமல் ரிசர்வ் வரை ஓட்டுங்கள், அதற்குக் கீழே வேண்டாம். பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேதான் இருக்கிறது, அதைக் குளிர்த்துவதும் பெட்ரோல்தான். பிறகு ஓரிரு நாளில் சர்வீஸுக்கு விட்டு ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

அந்த ஒரு டேங்கில் பாதியாவது நெடுஞ்சாலையில் ஓடினால் நல்லது. ஊருக்குப் போகிற மாதம், கோயிலுக்குப் போகிற மாதம் எது என்று பார்த்து அதற்கு ஏற்ப ஊற்றலாம். இன்ஜின் முழுச் சூட்டில் ஒரு மணி நேரமாவது தொடர்ந்து ஓடும்போதுதான் படிவு நன்றாகப் பெயரும். ஊற்றிவிட்டு வண்டியை ஷெட்டில் போட்டு வைப்பதில் பயனில்லை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்றால், உங்கள் ஓட்டத்துக்கு ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் முன் ஒரு முறை போதும். வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும், வருடம் ஒரு முறை ஆயில் மாற்றும்போது அதற்கு முந்தைய டேங்கில் ஊற்றலாம். ஹூண்டாய் போன்ற நிறுவனங்களின் கையேடுகளில், நல்ல மருந்து கலந்த பெட்ரோல் தொடர்ந்து கிடைக்காதவர்கள் குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒரு புட்டி சேர்க்கலாம் என்ற குறிப்பே உண்டு. மாதா மாதம் ஊற்றுவது வீண். ஒரே டேங்கில் இரண்டு புட்டி கவிழ்ப்பது அதைவிடத் தவறு. மருந்து கூடினால் ஆயிலுக்குப் போவதும் கூடும், எரிதல் அறையில் புதுப் படிவும் ஏறும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் வண்டியின் மைலேஜ் குறைவுக்கு இன்ஜெக்டர்தான் காரணம் என்று நான் முடிவு கட்டவில்லை. 17-லிருந்து 15.5 என்றால் ஏறக்குறைய 9 சதவீதம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையே, பழைய வகைக் கார்கள் இந்தக் கலவையில் ஓடினால் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று மதிப்பிட்டது. ஆக, குறைந்ததில் பெரும்பங்கு பெட்ரோலினாலேயே இருக்கலாம். எத்தனை புட்டி ஊற்றினாலும் அது திரும்பி வராது. இதைத் தெரியாமல் ஒவ்வொரு மாதமும் சில நூறு ரூபாயைச் செலவழிக்கும் வாசகர்கள் எனக்கு எழுதுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது.

உதறலுக்கும் வேறு காரணங்கள் உண்டு. 74,000 கிலோமீட்டரில் ஸ்பார்க் பிளக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில்களைப் பாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். த்ராட்டில் பாடியின் வட்டத் தகட்டைச் சுற்றிக் கருப்புப் பிசுக்கு படிந்திருந்தாலும் ஐடிலிங் இப்படியே தடுமாறும். டேங்கில் ஊற்றும் எந்த மருந்தும் அந்தத் தகட்டைத் தொடாது. பெட்ரோல் அந்த வழியாகப் போவதே இல்லை, அங்கே போவது காற்று மட்டும். அதைத் தனியாக, அதற்கான ஸ்ப்ரே அடித்துத் துணியால் துடைக்க வேண்டும். இக்னிஷன் காயில், ஏதாவது வேக்யூம் குழாயில் வெடிப்பு, இன்ஜின் மவுன்ட் தளர்ச்சி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் கிளீனர், பிளக் என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம். அதன் விலை மிக அதிகம்.

கிளீனர் வேலை செய்ததா என்று நம்பிக்கையில் விடாமல் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் 16 ஊசி கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். மெக்கானிக்கிடம் இருக்கும் ஸ்கேனரையோ, போனோடு இணையும் சின்னக் கருவியையோ அதில் செருகலாம். "லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம்" என்று ஒரு எண் காட்டும். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே அது. பூஜ்யத்துக்கு அக்கம்பக்கம் 5 வரை சாதாரணம். 10-ஐத் தாண்டினால் ஏதோ இருக்கிறது. எத்தனால் கூடிய பெட்ரோலாலேயே இது சில சதவீதம் கூடும் என்பதால், கிளீனர் ஊற்றும் முன்னும் அடுத்த டேங்கிலும் அதே பங்கின் பெட்ரோலைப் போட்டே ஒப்பிடுங்கள். இன்ஜின் சூடான பிறகு, ஏ.சி.யை அணைத்து, ஐடிலிங்கில் பாருங்கள். 12 இருந்தது 5-க்கு வந்தால் மருந்து பலித்தது. அசையவே இல்லை என்றால் இன்னொரு புட்டி வாங்காதீர்கள், காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு வேளை ஒரு இன்ஜெக்டர் உண்மையிலேயே பலமாக அடைத்திருந்தால் புட்டியால் முடியாது. மூன்றையும் கழற்றி, அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்து, சோதனை மேடையில் மாட்டிப் பார்ப்பதுதான் சரி. கோடு போட்ட கண்ணாடிக் குழாய்களுக்கு மேலே இன்ஜெக்டர்கள் வரிசையாக நிற்கும், திரவம் சொரியும். நல்ல இன்ஜெக்டர் கூம்பு வடிவில் பனி போலத் தூவும். அடைத்தது ஒரு பக்கமாகக் கோடாகப் பீய்ச்சும். அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் எந்தக் குழாயில் மட்டம் குறைவு என்று நீங்களே பார்க்கலாம். அந்த மேடை வைத்திருக்கும் கடை நாமக்கல், சேலம் பக்கம் தேடினால் கிடைக்கும். சுத்தம் செய்யும் முன்னும் பின்னும் இரண்டு முறை காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: என்னுடையது பி.எஸ்.6 ஸ்கூட்டர். கார் புட்டியையே இதற்கும் ஊற்றலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: ஊற்றலாம், ஆனால் புட்டியோடு கவிழ்க்கக் கூடாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகுதான் நம் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்டருக்கு மாறின. அதனால் இந்தக் கேள்வி இப்போது அதிகம் வருகிறது. 300 மில்லி புட்டி 50 லிட்டர் பெட்ரோலுக்கு என்று எழுதியிருந்தால், லிட்டருக்கு 6 மில்லி. ஸ்கூட்டர் டேங்கில் 5 லிட்டர் போடுகிறீர்கள் என்றால் 30 மில்லி போதும். இருமல் மருந்துப் புட்டியோடு வரும் அளவு மூடியில் அளந்து ஊற்றுங்கள். பிறகு அந்த மூடியை வீட்டுக்குள் எடுத்துப் போகாமல் எறிந்துவிடுங்கள். மீதமுள்ள மருந்தை இறுக மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், அடுப்படிக்கு வெளியே வையுங்கள்.

ஸ்கூட்டருக்கு நேரக் கணக்கு காரைவிட முக்கியம். காரில் சுமார் 3 லிட்டர் ஆயில் இருக்கிறது. ஸ்கூட்டரில் ஒரு லிட்டரே இல்லை. கலக்கும் மருந்து சிறிதானாலும் அந்தக் கொஞ்ச ஆயிலில் அதன் பங்கு பெரிது. ஆயில் மாற்றுவதற்கு முந்தைய ஒரு டேங்கில் மட்டும் ஊற்றுங்கள். பழைய கார்புரேட்டர் பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை. கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதிவிட்டால் வேலை முடிந்தது.

கேள்வி: என் கார் டர்போ பெட்ரோல், நேரடி இன்ஜெக்‌ஷன். இதற்கும் அதே முறைதானா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நேரம் அதேதான். எதிர்பார்ப்பைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். மாருதியின் பூஸ்டர்ஜெட், ஹூண்டாயின் 1.0 டர்போ ஜி.டி.ஐ., ஃபோக்ஸ்வாகனின் டி.எஸ்.ஐ. போன்ற இன்ஜின்களில் இன்ஜெக்டர் சிலிண்டருக்குள்ளேயே, நெருப்பின் வாசலிலேயே இருக்கிறது. அழுத்தமும் நூறு பாருக்கு மேல். பாலிஈதர்அமைன் உள்ள கிளீனர் அந்த நுனியைச் சுத்தமாக வைத்திருக்க உதவும். ஆனால் இன்டேக் வால்வின் முதுகில் ஏறும் கரியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பெட்ரோல் வால்வைத் தாண்டி உள்ளே பாய்வதால், வால்வைக் கழுவுவதற்கு அங்கே எதுவும் இல்லை. அந்தக் கரிக்கு மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு அடித்து எடுப்பதுதான் உலகமெங்கும் செய்யும் வழி. "இந்தப் புட்டி வால்வையும் சுத்தம் செய்யும்" என்று உங்களிடம் யாராவது விற்றால் அது உங்கள் இன்ஜினுக்குப் பொருந்தாத பேச்சு.

நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் அதிகம் படுவதால், ஆயிலில் பெட்ரோல் கலப்பதும் அதிகம். மாதம் ஒரு முறை காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தாலோ, ஆயில் மட்டம் குறையாமல் மேல்கோட்டுக்கு மேலே ஏறியிருந்தாலோ, கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஊருக்குள்ளேயே குட்டி ஓட்டம் ஓடும் டர்போ வண்டிக்கு 5,000-லிருந்து 7,500-க்குள் ஆயில் மாற்றச் சொல்வேன். வண்டி இன்னும் வாரன்ட்டியில் இருந்தால், எந்தக் கிளீனரையும் ஊற்றும் முன் கையேட்டில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.

கேள்வி: சி.என்.ஜி. வண்டி. பெட்ரோலே அதிகம் போடுவதில்லை. கிளீனர் தேவையா?
— வாசகர், திருவள்ளூர்

பதில்: பெட்ரோலில் கலக்கும் கிளீனர் சி.என்.ஜி. இன்ஜெக்டர்களைத் தொடாது, அவை தனி. உங்கள் வண்டியில் பெட்ரோல் டேங்க் மாதக்கணக்கில் அப்படியே கிடப்பதுதான் கவலை. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நாள்பட்டால் பிசினாகும். வாரத்துக்கு ஒரு நாள் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், டேங்கில் பழையது தீரத் தீரப் புதியது போடுங்கள். அப்படிச் செய்தால் கிளீனர் செலவு மிச்சம்.

கேள்வி: பவர் பெட்ரோல் போட்டால் கிளீனர் வேண்டாம் என்கிறார்கள். டீசல் வண்டிக்கு என்ன செய்வது?
— வாசகி, மதுரை

பதில்: பங்குகளில் கூடுதல் விலைக்கு விற்கும் பெட்ரோல்களில் இன்ஜெக்டரைச் சுத்தமாக வைத்திருக்கும் மருந்தும் சேர்க்கிறார்கள் என்பது உண்மை. அதைத் தொடர்ந்து போடுபவர்களுக்குத் தனிப் புட்டி அவசியமில்லை. ஆனால் ஆக்டேன் எண்ணுக்கும் சுத்தத்துக்கும் தொடர்பில்லை. 100 ஆக்டேன் என்பதால் அழுக்குப் போகும் என்று நினைத்து வாங்க வேண்டாம். உங்கள் இன்ஜின் 91-க்கு வடிவமைத்தது என்றால் அந்த ஆக்டேனால் அதற்குப் பெரிய ஆதாயமும் இல்லை.

டீசலுக்குப் பெட்ரோல் கிளீனரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். காமன் ரெயில் பம்ப் 1,600 பாருக்கு மேல் அழுத்தம் கொடுக்கிறது, அதன் உள்ளுறுப்புகளுக்கு டீசலின் வழவழப்புதான் காப்பு. டீசலுக்கென்றே உள்ள மருந்தை மட்டும், லேபிளில் சொன்ன அளவில், ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்கில் ஊற்றலாம். அதற்கு முன்னால் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை இறக்குகிறார்களா என்று கவனியுங்கள். டீசல் இன்ஜெக்டருக்கு முதல் எதிரி தண்ணீர்தான்.

கேள்வி: உதவிக்கு இருந்த பையன் இன்ஜெக்டர் கிளீனரைத் தவறுதலாக ஆயில் ஊற்றும் மூடிக்குள் ஊற்றிவிட்டான். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. என்ன செய்ய?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஸ்டார்ட் செய்யாமல் விட்டீர்களே, அதுவே பெரிய நல்லது. "இன்ஜின் ஃப்ளஷ்" என்று இன்னொரு புட்டி கடையில் உண்டு. அது ஆயிலில் ஊற்றுவது. இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரிப் புட்டியில் இருப்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் ஆயில், கிளீனரில் உள்ள கரைப்பானால் நீர்த்துப்போயிருக்கும். அதோடு ஓட்டினால் பேரிங்குகளுக்கு நடுவே நிற்க வேண்டிய ஆயில் படலம் மெலிந்துவிடும். சாவியைப் போடாமல், மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து ஆயிலை முழுதும் இறக்கி, ஃபில்டரையும் மாற்றி, கையேட்டில் சொன்ன தரத்தில் புது ஆயில் ஊற்றுங்கள். ஓரிரு நிமிடம் ஓடிவிட்ட வண்டிக்கும் இதே வைத்தியம்தான், தாமதிக்காமல் செய்தால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பையனைத் திட்டாதீர்கள். புட்டியில் எந்த மூடிக்குள் ஊற்றுவது என்று எழுதியிருக்கும் வரியை அவனையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அதன் பிறகு ஊற்றப் பழக்குங்கள்.